படிக்காமல் போட்ட கையெழுத்து

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருந்த ஒரே கௌரவம் அந்தக் குழுதான். எங்கள் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களைக் கவனிக்க அரசு போட்டிருந்த குழு. மறைமலைநகர் தொழிற்சாலையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். இஸ்திரி போட்ட சட்டையோடு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி செங்கல்பட்டில் இறங்குவேன். பதவிக்காலம் முடிந்து இரண்டு வருடமாகிறது.

அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. கடகடவென்று ஓடும் மின்விசிறி, முந்திரி பிஸ்கட், மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்திய உறுப்பினரின் ஓயாத நக்கல். வெல்டிங் பிரிவுக்கு எந்த மிஷின் நல்லது என்று நானும் அவரும் தொண்டை கிழியச் சண்டை போடுவோம். வெளியே வந்ததும் ஒரே கடையில் டீ குடிப்போம்.

அவசரமென்றால் பெரும்பாலும் கூட்டம் கிடையாது. தீர்மானப் புத்தகம் வீடு வீடாக வரும். அலுவலக உதவியாளர் வண்டியை அணைக்காமலே கேட்டில் நிற்பார். "இங்க ஒண்ணு போடு சார், கீழ ஒண்ணு. இன்னும் ரெண்டு வூடு கீது." எங்கே போடவேண்டும் என்றுதான் பார்ப்பேனே தவிர, எதற்கு என்று பார்த்ததில்லை. மேலே நாலு பேர் போட்டிருந்தால் போதும், என் பேனா தானாக ஓடும்.

அப்படித்தான் எலக்ட்ரீஷியன் பிரிவைக் காலையிலிருந்து மதிய ஷிப்டுக்கு மாற்றும் தீர்மானத்திலும் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிரிவின் ஆசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமல்லபுரத்துக்கு அந்தாண்ட குப்பத்துலேர்ந்து மூணு பொண்ணுங்க வந்துகினு கீதுங்க சார். எட்டு மணிக்கு கிளாஸ் வுட்டா கடைசி பஸ்ஸு போயிடும். பாதியிலயே எழுந்து ஓடுதுங்க, அட்டெண்டன்ஸ் போவுது. வூட்ல நிறுத்திடுவோம்னு சொல்றாங்க. இன்னா யோசிச்சு சார் இத ஒத்துக்கினீங்க?"

யோசித்திருந்தால்தானே சொல்வதற்கு. எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல். அவர் போன பிறகுதான் வெட்கம் வந்தது.

தீர்மானத்தை ஏற்றவர்களில் ஒருவர் காரணம் சொன்னால்தான் அதை மறுபடி எடுக்கலாம் என்பது எங்கள் குழுவின் விதி. என்னிடம் இருந்தது ஒரே காரணம். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவசரக் கூட்டம் கேட்டிருக்கலாம், அது எனக்குத் தோன்றாமலும் இல்லை. படிக்காமல் போட்டதைப் பலர் முன்னால் சொல்லக் கூசியது. ஒரு மாதம்தானே என்று தள்ளிப்போட்டேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்றேன். தலைவர் நெளிந்தார்.

"அதெல்லாம் நடவடிக்கைக் குறிப்புல வேணாம் சார். மறுபரிசீலனைன்னு மட்டும் போட்டுக்கலாம்."

"நான் சொன்னபடியே எழுதுங்க" என்றேன்.

லாட்ஜ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, நீ மட்டும் நல்ல பேரு வாங்கிக்கினு போலாம்னு பாக்கிறியா? என் பேரையும் எழுதச் சொல்லு. நானுந்தான் படிக்கல."

அந்த மனிதரை அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். ஐந்தே நிமிடத்தில் பழைய நேரம் திரும்பிவிட்டது. ரயிலில் வரும்போது, ஏதோ மலையைப் புரட்டியவன் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியைக்கு நானே போன் செய்தேன். நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்ற ஆசைதான்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். "ரெண்டு பொண்ணுங்க காலைலயே வந்துட்டாங்க."

"இன்னொரு பொண்ணு?"

"கூட்டத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் பாத்துகினு இருந்துச்சு சார். அப்பறம் டி.சி. வாங்கிக்கினு ரிசார்ட் வேலைக்குப் போயிடுச்சு."