உயிரோடிருந்தவருக்கு வைத்த பிண்டம்

ஜெர்மனி போலந்துக்குள் புகுந்த செப்டம்பரில் பக்கிரிக்கு ஒரு வயது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கோ சண்டையாம் என்று பேசிக்கொண்டார்கள். மறுபடி அரிவாளை எடுத்தார்கள். அப்பா பஞ்சநதம் அப்போது மலாயாவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். மகன் முகத்தைப் பார்க்காமலே கப்பலேறியவர்.

இரண்டு வருஷத்தில் சண்டை அங்கேயும் வந்துவிட்டது. நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் கரையிறங்கினான். அதற்குச் சில நாள் முன்பு, கார்த்திகையில், வந்ததுதான் கடைசிக் கடுதாசி. தப்பிக் கப்பலேறி வந்த ஒருவர், "தோட்டத்துல குண்டு விழுந்துச்சு, ஒருத்தரும் மிஞ்சல" என்றார். கடுதாசி வந்த நாளையே இறந்த நாளாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் பங்காளிகள். அந்த மாசியிலேயே கருமாதி. நாலு வயதுகூட நிரம்பாத பக்கிரிக்கு மொட்டையடித்துப் பிண்டம் வைக்கச் சொன்னால், பசியில் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனானாம். அம்மா தாலியைக் கழற்றினாள்.

அதன்பிறகு எண்பத்து மூன்று கார்த்திகை. வெள்ளத்தில் சம்பா மூழ்கிய வருஷம்கூட திதியை விட்டதில்லை.

இந்த வருஷம் படையல் இலை போட்டிருந்த நேரத்தில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஜெக்கரியா என்பவர் வந்து வாசலில் நின்றார். இறந்துபோன தன் அப்பாவின் நோட்டில் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்துத் தேடி வந்தவர்.

"எங்கப்பாவும் உங்கப்பாவும் ஒண்ணா இருந்தவங்க ஐயா. ஜப்பான்காரன் ரெண்டு பேரையும் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருக்கான். நாப்பத்து மூணு ஆனியில உங்கப்பாவுக்குக் காலரா. எங்கப்பாதான் புதைச்சிருக்காரு."

"ஆனியா?" என்றார் பக்கிரி.

மருமகள் கலைமகள் மெல்லச் சொன்னாள்: "விடுங்க மாமா, திதி கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிருக்கு."

"கொஞ்சமா? நான் மொட்டையடிச்சப்ப அவர் உசிரோட இருந்திருக்காரு, கலை."

உயிரோடிருப்பவருக்குப் பிண்டம் வைத்தால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பக்கிரி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேற என்ன தம்பி எழுதியிருக்கு?"

"பசிதான் ஐயா. பக்கம் பக்கமா. உங்கப்பா ஊர்ச் சோத்தைப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருப்பாராம்."

மதில்மேல் காகம் வந்து உட்கார்ந்தது. கலைமகள் சோற்றை அள்ளினாள்.

"வைக்காத. இன்னிக்கு அவர் சாகல." பக்கிரி ஜெக்கரியாவின் கையைப் பிடித்து இலைமுன் உட்காரவைத்தார். "சாப்பிடுங்க தம்பி. இது படையல் இல்ல."

"நான் வேதக்காரன் ஐயா, சர்ச்சுக்குப் போறவன்."

"அங்க ரெண்டு பேரும் ஒண்ணா பட்டினி கிடந்தவங்கதானே."

காகம் விடாமல் கத்தியது. ஜெக்கரியா முதல் கவளத்தை விழுங்கும்வரை பக்கிரி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு, கலை."

ஆனியில் எந்த நாள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.