கொட்டிலில் ஒரு காருக்குத்தான் இடம்

திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கமாக ஒரு தகரக் கொட்டிலில் நான் மூன்று வருடத்துக்குக் கிட்ட இருந்தேன். அதற்கு முதல் ஓரிடத்திலும் அவ்வளவு காலம் தொடர்ந்து இருந்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பிறகு அகதி முகாம்கள். பிறகு சல்லி என்ற கரையோர ஊரில் மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் ஒட்டினேன், வயல் பக்கம் போய் உழவு மெசின் ஓடினேன், கட்டாரில் தண்ணீர் பவுசர் ஓடினேன், திரும்பி வந்து லொறிகளில் அலைந்தேன். இதில் சொல்லி அழ ஒன்றுமில்லை. என் வயதில் இந்தக் கரையில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

கொட்டில் ஒரு ஹாஜியாருடையது. கிண்ணியாக்காரர். டவுனில் சீமெந்து, கம்பி விற்கும் கடை வைத்திருந்தார். கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுவது அவருக்குத் தொழில் என்பதைவிட ஆசை. கொட்டிலில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன, இரண்டும் இரண்டே இருக்கை உள்ளவை. ஒன்று ஆங்கிலேயக் கார், சிவப்பு, அறுபது வருடத்துக்கு மேல் வயது. இங்கிருந்த கடற்படை அதிகாரி ஒருவர் விட்டுப் போனது என்றும், நாலைந்து கை மாறி வந்தது என்றும் சொல்வார்கள். கூரை இல்லை. மற்றது ஜப்பான் கார், சாம்பல் நிறம், ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடிந்து பின்னுக்குப் போய்விடும். அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்குச் சற்று முதல் வந்தது.

நான் இரண்டையும் ஓடினேன், கழுவினேன், கொட்டிலின் பின்பக்க அறையில் படுத்தேன். துறைமுகக் காற்றில் உப்பு. காலையில் நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் பின்னேரம் விரலால் பொனற்றில் பெயர் எழுதலாம்.

ஒரு நாள் ஹாஜியார் வந்து, வளவைச் சுற்றி நடந்து, காலால் மண்ணை அளந்தார்.

"தம்பி, மகளுக்கு இந்த வளவிலதான் வீடு போடப்போறன்," என்றார்.

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் என்றாலும் தமிழர் என்றாலும் பெண்ணுக்குக் கலியாணம் பேசினால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் இருப்பார். ஹாஜியாரின் மகளுக்குப் பேச்சு முடிந்திருந்தது எனக்குத் தெரியும். வீடு இங்கே வரும் என்று தெரியாது.

"கொட்டிலில பாதி போயிரும். ஒரு காருக்குத்தான் இடம்."

"எதை விக்கப் போறீங்க ஹாஜியார்?"

"அதைத்தானே உன்னட்டக் கேக்கிறன். எனக்குச் சீமெந்து தெரியும், காரு தெரியாது. மருமகனா வாறவர் புதுசை வைக்கச் சொல்றார். என்ட மனசு பழசில கிடக்கு. ரெண்டையும் ஓடுறவன் நீதான். இந்த மாசம் ரெண்டு கலியாண ஹயர் இருக்கு. ஒண்டுக்கு அதைக் கொண்டு போ, மத்ததுக்கு இதைக் கொண்டு போ. வந்து சொல்லு. நீ சொல்றதுதான் கடைசி."

அவர் போன பிறகு நான் வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தேன். கணக்கு லேசானது. பழைய காரை ஸ்டார்ட் பண்ண என்னை விட்டால் ஆளில்லை. அது கொட்டிலில் நின்றால் நானும் நிற்பேன். புதியது நின்றால் மருமகன் ஓடுவார். அவர் கொம்பியூட்டர் வேலை செய்கிறவர், அந்தக் காருக்குள் இருக்கும் திரையைப் பார்த்தே அவருக்கு விளங்கும். எனக்கு நாற்பத்தேழு வயது. புது இடம் தேடிப் போகும் காலெல்லாம் தேய்ந்துவிட்டது என்று அந்த நாட்களில்தான் முதன்முதலாக நினைத்தேன்.

ஆனால் ஒரு விசயம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பழைய காரின் அடியில் கறள், இரும்பு துருப்பிடித்துப் போயிருந்தது.

நான் வந்த முதல் வருடமே அதைக் கண்டேன். பின்சில்லுகளுக்கு மேலே போகும் இரண்டு இரும்புச் சட்டங்களும் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன. வெட்டி எறிந்து புது இரும்பு வைத்து ஒட்டியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது சல்லியில் பழகிய படகு வேலை. படகில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் காருக்கும் செய்தேன். உரசிப்போட்டு, பைபர் துணி வைத்து, பசை பூசி, மூன்று படை ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்தேன். அழகாக வந்தது. தண்ணீர் உள்ளே போகாது என்று சந்தோசப்பட்டேன். உள்ளே ஏற்கெனவே இருந்த உப்பும் ஈரமும் வெளியே வர வழியில்லை என்று யோசிக்கவில்லை. படகு மரம் அல்லது பைபர், அதற்கு அது சரி. இரும்பு மூடி வைத்த இடத்திலேயே கிடந்து அழுகும். அடுத்த மாரி மழை முடிய, தட்டிப் பார்த்தபோது சத்தம் மாறியிருந்தது. நான் ஹாஜியாரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு சொல்ல ஏலாத அளவுக்கு நாள் போய்விட்டது.

முதல் ஹயர் மூதூர்ப் பக்கம், கட்டைபறிச்சானில். மாப்பிள்ளை லிங்கநகர்க்காரர். அவரைக் கட்டைபறிச்சானில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறக்கியிருந்தார்கள். அங்கிருந்து கோயிலுக்கு ஒரு மைல். நான் புதிய காரை முற்றத்தில் நிறுத்தினேன். மாப்பிள்ளை தலைப்பாகையோடு ஏறி இருந்தார். அப்போதுதான் பெண்ணின் தமையன் வந்தார். அவர்தான் மாப்பிள்ளைத் தோழன். தோழன் மாப்பிள்ளையோடு ஒரே வாகனத்தில் போக வேண்டும், அதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"தோழன் எங்க இருக்கிறது?" என்று பெண்ணின் பெரியப்பா கேட்டார்.

"ரெண்டு சீற்றுத்தான் ஐயா. ஒண்டு மாப்பிள்ளைக்கு, மற்றது எனக்கு."

"அப்ப தோழனை டிக்கிக்குள்ள போடுறதோ?"

"கூரை மடிஞ்சு அதுக்குள்ளதான் கிடக்கு. இனித் தேங்காய்கூட வைக்கேலாது."

ஆலாத்தித் தட்டோடு நின்ற ஒரு அக்கா சொன்னார்: "இதுக்கேன் சண்டை? றைவர்த் தம்பி இறங்கட்டும், தோழன் ஓடட்டும்."

தோழன் உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் உழவு மெசினே ஓடுறனான். இது என்ன பெரிய விசயம்."

அது கிளச் இல்லாத கார். இடது காலை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், வலது கால் மட்டும் போதும் என்று மூன்று தரம் சொன்னேன். "ஓம் ஓம்," என்றார். ஐம்பது மீற்றர் போவதற்குள் அவருடைய இடது கால் கிளச்சைத் தேடி, பிறேக்கில் முழுப் பலத்தோடு ஏறியது. கார் ஆணி அடித்துவைத்ததுபோல் நின்றது. மாப்பிள்ளையின் தலைப்பாகை கழன்று முன்கண்ணாடியில் மோதியது. பின்னால் வந்த மேளகாரர் தவிலோடு காரில் சாய்ந்து நின்றார்.

"கோயிலே இன்னும் வரேல்லை, மாப்பிள்ளை அதுக்குள்ள கும்பிடத் தொடங்கிட்டார்!" என்றார் அந்த அக்கா.

ஒரு மைலும் அப்படியே. நான் வெயிலில் காரோடு பக்கமாக நடந்து, குனிந்து குனிந்து "இடது காலை மடியுங்கோ, மடியுங்கோ" என்று சொல்லிக்கொண்டு போனேன். கோயிலடியில் பெரியப்பா என்னிடம், "இனிமேல் இந்தக் கோதாரியைக் கலியாணத்துக்குக் கொண்டு வராதையுங்கோ," என்றார்.

திரும்பி வரும்போது நான் தனியே ஓடினேன். மூதூர் தாண்டி, பாலங்கள் தாண்டி, கிண்ணியா வரும்வரை கார் ஒரு முனகல்கூடப் போடவில்லை. அந்தக் காரில் ஒன்றுக்கும் காது கொடுக்கத் தேவையில்லை. எனக்கு நித்திரை வரப் பார்த்தது.

அடுத்த கிழமை தோப்பூர். பழைய காரைக் கொண்டு போனேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டேன். நிறுத்திய இடமெல்லாம் ஆட்கள் வந்து நின்று படம் எடுத்தார்கள். காவலரண் பக்கத்தில் ஒரு சிப்பாய் கைகாட்டி மறித்தார். பத்திரம் கேட்கப் போகிறார் என்று பார்த்தால் அவரும் போனைத்தான் எடுத்தார். கலியாண வீட்டில் காருக்கு மாப்பிள்ளையைவிட மரியாதை. பெண்ணின் வாப்பா பொனற்றைத் தடவி, "இதுதான் காரு. மத்தது எல்லாம் சோப்புப் பெட்டி," என்றார்.

நிக்காஹ் முடிந்து, பின்னேரம் வயல் வீதியில் படம் எடுக்க மணமக்களை ஏற்றினேன். இந்தக் காரில் எப்போதும் செய்வது இதுதான்: நான் முன்னால் ஓடுவேன், அவர்கள் இருவரும் பின்பக்க உடம்பின் மேல் ஏறி, ஊரே பார்க்க உயரத்தில் இருப்பார்கள். அவர்களுடைய பாரம் முழுக்க அந்த இரண்டு சட்டங்களில்தான் இறங்கும். நடக்கிற வேகத்தில் ஓடினேன். படக்காரர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார்.

வாய்க்கால் மதகில் ஏறி இறங்கும்போது சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. நனைந்த மரம் பிளப்பதுபோல. இடது பக்கம் ஒரு விரல் அளவு கீழே போனது.

"உங்கட பாரம்தான்," என்றாள் பெண். "எவ்வளவு பிரியாணி திண்டிங்க?"

"நான் இன்னும் சாப்பிடவே இல்ல," என்றார் மாப்பிள்ளை. "நீ போட்டிருக்கிற நகைதான்."

இருவரும் சிரித்தார்கள். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். எஞ்சின் சூடாகிவிட்டது, இறங்கி நின்று படம் எடுங்கள் என்று சொன்னேன். இறங்கினார்கள். மிச்சத்துக்குக் கலியாண வீட்டு வான் ஒன்றைக் கூப்பிட்டு அதில் அனுப்பினேன். ஒருவரும் குறை நினைக்கவில்லை. புறப்படும்போது பெண்ணின் வாப்பா என் கண் முன்னாலேயே ஹாஜியாருக்குப் போன் எடுத்து, காரைப் பற்றி ஐந்து நிமிடம் புகழ்ந்தார்.

அன்று வந்து காரை ஜக்கில் தூக்கிப் பார்த்தேன். இன்னும் இரண்டு படை பைபர் ஒட்டினால் ஒரு வருடம், சிலவேளை இரண்டு வருடம் ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. எனக்கும் ஒரு இடம் இருக்கும். பைபர் துணி அறையில் மிச்சம் இருந்தது. எடுத்து விரித்தேன், திரும்பவும் சுருட்டி வைத்தேன்.

மறுநாள் காலை ஹாஜியார் இடியப்பப் பார்சலோடு வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"தோப்பூரில இருந்து மூணு பேர் கோல் எடுத்திட்டாங்க. நீ சொல்லவே தேவல்ல. பழசு நிக்கட்டும், என்ன?"

"புதுசை வையுங்க ஹாஜியார்."

"கட்டார் வெயில் இப்பத்தான் உனக்கு மண்டையில வேலை செய்யுதா? புதுசு நிண்டா மருமகன் ஓடுவார். நீ என்ன செய்வாய்?"

"தெரியாது. கீழ வந்து பாருங்க."

ஒரு காட்போட் பெட்டியைக் கிழித்து விரித்தேன். அவர் வெள்ளைச் சாரத்தோடு கஷ்டப்பட்டுப் படுத்து, காருக்கடியில் வந்தார். நான் ஸ்குறூ டிரைவரைச் சட்டத்தில் வைத்து அழுத்தினேன். பிடிவரை உள்ளே போனது. இழுத்தபோது தேயிலைத் தூள்போல் கறள் கொட்டியது.

"இந்த வெள்ளையா இருக்கிறது என்ன?"

"பைபர். படகுக்குப் போடுறது. நான்தான் போட்டனான்."

"அப்ப இரும்பு?"

"இரும்பு இல்லை. பைபர்தான் நிக்குது."

அவர் எழும்பவில்லை. படுத்தபடியே மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் கலியாணப் பேச்சு முடிஞ்ச நேரம் என்ட மகள் இதில ஏறி இருந்துதானே படம் எடுத்தா."

"ஓம்."

"நீதானே ஓடினாய்."

"ஓம்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"இவ்வளவு எண்டு தெரியாது ஹாஜியார்." ஸ்குறூ டிரைவரை மண்ணில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "தெரியும்."

அவர் வெளியே வந்து சாரத்தைத் தட்டினார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல்வரை போய், அங்கே போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினார். இடியப்பம் பொனற்றின் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதை எல்லாம் மருமகனாக வரப்போகிறவர் மூலம் சொல்லி அனுப்பினார். பழைய கார் பழைய இரும்பு விலைக்குப் போகிறது. வீட்டு வேலை தொடங்கும்வரை நான் இருக்கலாம். காரை லொறியில் ஏற்றியது நான்தான். கயிறு கட்டி இழுக்கும்போது இடது பக்கம் முழுதாக உட்கார்ந்துவிட்டது.

மருமகனுக்குப் புதிய காரைப் பற்றி இரண்டு நாள் காட்டிக்கொடுத்தேன். உப்பை எப்படிக் கழுவுவது, வேகத்தடையில் எப்படிச் சரித்து ஏற்றுவது, இவ்வளவுதான். கெட்ட பிள்ளை இல்லை. இரண்டாம் நாள் கேட்டார்:

"அண்ணன், மாமா பழசைத்தானே வைக்க இருந்தார். நீங்க பேசாம இருந்திருக்கலாமே. ஏன் சொன்னீங்க?"

"களைச்சுப் போனன் தம்பி," என்றேன்.

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருந்தது. என் கையைப் பிடித்து, உங்களைப்போல நேர்மையான ஆட்கள் இப்போது குறைவு என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. நேர்மை என்றால் முதல் மாரியோடே சொல்லியிருப்பேன், ஹாஜியாரின் மகளை அதில் ஏற்றியிருக்க மாட்டேன். இரண்டு மாரியாக ஒவ்வொரு கலியாணத்திலும் முன்னால் பார்த்து ஓடிக்கொண்டு, காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன். அவர்கள் சிரித்தால் பயம், அசைந்தால் பயம், மதகு வந்தால் பயம். இடம் தேடி அலைவது அதைவிடச் சுகமான களைப்பு.

அத்திவாரம் வெட்ட ஆட்கள் வருவதற்கு முதல் நாளே பையைக் கட்டினேன். கொட்டில் பூட்டின் திறப்பை மருமகனிடம் கொடுத்துவிட்டு, ஹாஜியாரின் கடைப் பக்கம் நடந்து போனேன். அவர் உள்ளே யாருக்கோ கம்பி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். தலையை ஆட்டினாரா, கம்பியைப் பார்க்கக் குனிந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். எந்தப் பக்கம் போவது என்று அங்கே போய்த்தான் யோசித்தேன்.