சாக்பீஸ் போட்ட சாமான்கள்

அப்பா இறந்து ஒரு வருஷம் முடிந்து, திதி கொடுத்த மறுவாரமே அம்மாவிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. "வூட்டை வாடகைக்கு விடுறேன். சாமானெல்லாம் விக்கப் போறேன். வேணுங்கிறது இருந்தா ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோ. சாப்பாடு உண்டு." அவ்வளவுதான். சேலத்தில் இருந்த அண்ணனுக்கும் இதே மாதிரி ஒரு கார்டு போயிருந்தது. அதில் மட்டும் 'சாப்பாடு உண்டு' இல்லை என்று அவன் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் பென்னாகரத்தில் டீச்சர். இன்னொரு டீச்சரோடு ஒரே அறையில் தங்கியிருந்தேன். இரண்டு பாய் விரித்தால் கதவைத் திறக்க முடியாது. அண்ணன் பேங்க் கிளார்க். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒண்டுக் குடித்தனம். அம்மா இனி அவனோடு இருப்பது என்று முடிவாகியிருந்தது. பாப்பாரப்பட்டி வீட்டில் நாற்பது வருஷமாகச் சேர்ந்து கிடந்த சாமான்களுக்குத்தான் போக இடமில்லை.

அம்மா விதியை வாசலிலேயே சொல்லிவிட்டாள். "வேணுங்கிறதுல கோடு போட்டுக்குங்க. கோடு போடாததெல்லாம் மத்தியானம் பாய் வந்து ஏத்திக்குவாரு." பாய் என்றால் தருமபுரியில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு சாக்பீஸ் எடுத்துப் போயிருந்தேன். திருட்டுத்தான். வெள்ளையை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுச் சிவப்பை நான் வைத்துக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் கௌரவமாகத்தான் போனது. "இது உனக்கு வேணுமா பாரு." "இல்லண்ணா, நீயே எடுத்துக்கோ." அப்புறம் அவன் சுவர்க் கடிகாரத்தில் கோடு போட்டான். அது எனக்குப் பிடித்த கடிகாரம். ஓடாது, ஆனால் பிடிக்கும். உடனே நான் நிலைக்கண்ணாடியில் கோடு போட்டேன். அவன் பித்தளை அண்டாவில் போட்டான். நான் மைக்கூடு, அப்பாவின் மூக்குக் கண்ணாடி, கைத்தடி மூன்றிலும் போட்டேன். அவன் கொல்லைக்கு ஓடிக் கிணற்று ராட்டினத்தில் போட்டான். சேலத்தில் அவன் வீட்டுக்குக் கிணறே கிடையாது. பதினோரு மணிக்கெல்லாம் வீடு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு. சர்வே ஆட்கள் வந்து போன நிலம் மாதிரி இருந்தது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பூனைக்கும் உங்கப்பா பல்செட்டுக்கும்தான் யாரும் கோடு போடல" என்றாள்.

பல்செட் மேஜை இழுப்பறையில் ஒரு பவுடர் டப்பாவுக்குள் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் திறந்து பார்த்து, பார்க்காத மாதிரி மூடியிருந்தோம்.

"கைத்தடிக்கும் கண்ணாடிக்கும் அடிச்சுக்கிறீங்க. கைத்தடிய அவரு எப்பவாச்சும்தான் தொட்டாரு. இத தினமும் வாயிலயே வச்சிருந்தாரே. இதுக்கு ஒருத்தரையும் காணோமே?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் மாதுளைச் செடிக்குக் கீழே புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு நிமிஷ வேலை.

"சரி. இப்ப ஒவ்வொண்ணா எதுக்கு வேணும்னு சொல்லுங்க."

அண்ணன் முதலில் நாற்காலியைக் காட்டினான். கைப்பிடி வைத்த பெரிய மர நாற்காலி. கலெக்டர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து அதில் உட்கார்ந்தார் என்பது அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவைத்த கதை. விருந்தாளி யாரும் அதில் உட்கார முடியாது. நாங்கள் உட்கார்ந்தால் அடி.

"கலெக்டர் உக்காந்த நாற்காலிம்மா. பரம்பரைக்கு இருக்கணும்."

"எங்கடா உக்காந்தாரு? வழியில ஜீப்பு நின்னுபோச்சு. தண்ணி கேட்டு உள்ள வந்தாரு. ஷூவுக்குள்ள கல்லு பூந்திருச்சுன்னு இதைப் புடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னு உதறுனாரு. தண்ணியக் குடிச்சாரு, போயிட்டாரு. உக்காரவே இல்ல."

"நெசமாவா?"

"நான்தானே தண்ணி குடுத்தேன்."

அண்ணனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. முப்பத்தைந்து வயது ஆள். அந்த நாற்காலிக்காகச் சின்ன வயதில் வாங்கிய அடிகள் எல்லாம் வீணாகிவிட்டன அல்லவா.

என் முறை வந்தது. நான் தகரப் பெட்டியைக் காட்டினேன். அதில் அப்பாவின் மனுக்கள் இருந்தன. தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். ஆபீஸில் அடுத்தவர் மனுவைப் படித்துச் சலித்துப்போய், வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக எழுதுவார். முதல் பஸ் ஏழு நிமிஷம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறது என்று ஒன்று. தெருவிளக்கு பகலில் எரிந்து ராத்திரி அணைந்துவிடுகிறது என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் கார்பன் வைத்து நகல் எடுத்து, ஓட்டை போட்டு, நூல் கோத்து வைத்திருப்பார்.

"படி பாக்கலாம்" என்று அம்மா மறுபடி கீரையோடு உட்கார்ந்தாள்.

இரண்டு மூன்று படித்தேன். அம்மா கொட்டாவி விட்டாள். அடியில் இருந்த ஒரு கட்டைப் பிரித்தேன். பெறுநர் என்ற இடத்தில் என் தாய்மாமாவின் பேர். எனக்குப் புரிவதற்கு முன்னால் வாய் படித்துவிட்டது.

"பொருள்: தங்கள் தங்கை நாள்தோறும் குழம்பில் உப்பு அதிகமாகச் சேர்ப்பது தொடர்பாக."

அம்மாவின் கை நின்றது. அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

"எங்கண்ணனுக்கா எழுதுனாரு?"

"ஆமாம்மா. கல்யாணமாகி நாலு வருஷத்துல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுசன். கார்பன் வச்சு எழுதியிருக்காரு!" அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. செத்தவர் மேல் வந்த கோபம். எங்கே போய்க் காட்டுவது? கீரைத்தண்டைப் படார் படாரென்று ஒடித்தாள். "எங்கண்ணன் என்னா சொல்லிச்சு?"

பதில் கார்டும் அதோடு கோத்திருந்தது. மாமா இரண்டே வரி எழுதியிருந்தார். 'அந்தக் குழம்பை நான் பத்து வருஷம் சாப்பிட்டேன். தங்களுக்கு நாலு வருஷம்தான் ஆகிறது. இன்னும் ஆறு வருஷம் கழித்து எழுதவும்.'

இப்போது அண்ணன் அடக்கவில்லை. தரையில் உருண்டான். அம்மாவே லேசாகச் சிரித்தாள். "எங்கண்ணன் எங்கண்ணன்தான்" என்றாள்.

நான் அடுத்த தாளைப் புரட்டினேன். புரட்டியிருக்க வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றியது. சரியாக ஆறு வருஷம் கழித்து, அதே மாசம், 'நினைவூட்டு' என்று தலைப்புப் போட்டு இன்னொரு மனு.

"ஐயா, தாங்கள் குறித்த ஆறு ஆண்டுகள் முடிவுற்றன. தற்போது வெளியிடங்களில் உண்ணும்போது எந்தக் குழம்பிலும் உப்பு போதவில்லை. எனவே எனது முந்தைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதன் பேரில் மேல்நடவடிக்கை ஏதும் தேவையில்லை."

தரையில் கிடந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னொருக்கா படி" என்றாள் அம்மா. படித்தேன்.

"கையெழுத்து போட்டிருக்காரா?"

"போட்டிருக்காரும்மா. முழுக் கையெழுத்து."

கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தோம். அடுப்பு மேல் பானை. அம்மா இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாத்த எட்டிப் பாக்குறீங்க? களி கட்டி தட்டிப் போவும். போங்க அந்தாண்ட."

நாங்கள் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு முடித்தபோது பாய் டெம்போவோடு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் கோடு போட்டிருக்கே. நான் எதுக்குங்கம்மா வந்தேன்?" என்றார்.

அண்ணன் எழுந்து, ஈரத் துணி எடுத்து, கலெக்டர் உட்காராத நாற்காலியில் இருந்த வெள்ளைக் கோட்டைத் துடைத்தான். பிறகு அதில் ஒரு தடவை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டான். அடி வாங்காமல் அதில் உட்கார்ந்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "ஏத்திக்குங்க பாய்" என்றான்.

பாய் கவிழ்த்துப் பார்த்தார். "தேக்குன்னு சொன்னீங்களேம்மா? இது வேப்ப மரமுங்க."

"நான் சொல்லலீங்க பாய். சொன்னவரு போயிட்டாரு. உங்களுக்குக் கட்டுபடியானதக் குடுங்க."

அதற்கு மேல் எங்களுக்கும் கோடுகளைக் காப்பாற்றத் தெம்பில்லை. நிலைக்கண்ணாடி போனது. ராட்டினம் போனது. கடிகாரத்தை நான் விட்டுக்கொடுத்தேன், அண்ணனும் விட்டுக்கொடுத்தான், அது பாட்டுக்கு டெம்போவில் ஏறியது. அண்டாவை மட்டும் அண்ணன் பிடிவாதமாக அடுத்த வாரம் வந்து சேலத்துக்குக் கொண்டுபோனான். அண்ணி அதை ஒரே மாதத்தில் எவர்சில்வர் டிபன் கேரியராக மாற்றிக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியை நான் எடுத்துக்கொண்டேன். அது இப்போது எனக்குச் சரியாக இருக்கிறது என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

தகரப் பெட்டியைப் பாய் தட்டிப் பார்த்தார். "பொட்டி நல்ல கனம். பேப்பரக் கொட்டிட்டுக் குடுங்கம்மா."

"அது விக்கிறதுக்கில்லீங்க" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "நீ கொண்டு போ. எங்கிட்ட இருந்தா ஒவ்வொண்ணாப் படிச்சு எவன் எவனுக்கு என்னா எழுதியிருக்காருன்னு பாத்து சண்டைக்குப் போயிருவேன்" என்றாள். அந்த நினைவூட்டு மனுவை அவளிடம் கொடுத்துவிடலாம் என்று தேடினேன். நூலில் இருந்து அது ஏற்கெனவே உருவப்பட்டிருந்தது. நூலை மறுபடி கட்டிப் பெட்டியை மூடினேன்.

டெம்போ போன பிறகு கூடம் இரண்டு மடங்கு பெரிசாகத் தெரிந்தது. நாங்கள் கொஞ்சம் துக்கமாக நிற்கப் பார்த்தோம். அம்மா கோரைப்பாயை எடுத்து வந்து கூடத்தின் நட்டநடுவில் விரித்தாள். கையைக் காலை நீட்டி மல்லாந்து படுத்தாள்.

"கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த இடத்துல ஒருநாள் படுக்கணும்னு பாத்தேன். எப்பப் பாரு நாற்காலி. அப்பாடா, என்னா காத்து."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். லேசாகக் குறட்டை வந்தது. பூனை வந்து அவள் கால்மாட்டில் படுத்தது.

நாங்கள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பெட்டியின் இரண்டு பக்கக் காதையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பாதி வழியில், தன் பக்கம்தான் கனம் அதிகம் என்று அண்ணன் ஆரம்பித்தான்.