முழங்காலளவுத் தண்ணீர்

போன வாரம் எங்கள் தெருக் கால்வாயைத் தூர்வாரி, அந்தச் சேற்றை என் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். எனக்கோ அந்த வாடை அடித்ததும் கை தானாகப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தது. எண்பதை நெருங்கியும் விடாத பழக்கம். எண்ணூரில் வந்தது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ராயபுரத்தில் வீடு. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். அந்த ஆபீஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். கார்பன் பேப்பர் வாசனை, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற கப்பலின் பெயரை நானே காகிதத்தில் அடிக்கிற பெருமை! அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் அத்தை, "சும்மா வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற? எண்ணூர் போய்க் காத்து வாங்கிகினு வரலாம், கெளம்பு" என்றாள். அந்தக் காலத்து எண்ணூர் ஆளரவமில்லாத ஊர். சவுக்குத் தோப்பு, பூட்டிக் கிடக்கிற பங்களாக்கள், கழிமுகம், ஓடம். காத்து வாங்கப் போகிறவளுக்கு எதற்குப் பட்டுப்புடவை, அதுவும் அத்தையுடைய புடவை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு வாங்கியவளின் மூளை அவ்வளவுதான்.

ஓடத்துறையில் ஒரு குடும்பம் தற்செயலாக நின்றுகொண்டிருந்தது. எங்களோடு வந்த என் நைனா அவர்களைப் பார்த்து அதிசயப்பட்டார். பாவம், அவருக்கு நடிக்கவே வராது. வெள்ளைச் சட்டை போட்ட மகன், ரயில்வேயில் வேலை. எனக்கு எல்லாம் விளங்கியபோது ஓடம் கிளம்பிவிட்டது.

பாதி வழியில் தரைதட்டி, சேற்று வாடைக்கு நடுவில் நின்றது. ஓடக்காரர் கோலை ஊன்றிப் பார்த்தார்.

"தண்ணி வத்திப் பூட்ச்சு. ஏறினாத்தான் நவுரும். மூணு மணி நேரம் ஆவும். அவசரம்னா எறங்கி நடங்க. முட்டியளவு தான் தண்ணி, அதோ கீது கரை."

ஒருவரும் இறங்கவில்லை. பட்டுப்புடவைகள் அல்லவா! முழங்காலோடு முழங்கால் இடிக்க, உச்சிவெயிலில் புளிச்சோறு தின்றோம். பையனின் அம்மா என்னிடம், "எங்க வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் கெடையாது கண்ணு" என்றார்.

"அதுக்கின்னா, நின்னுடுவா" என்றாள் அத்தை.

காது சூடாகிவிட்டது எனக்கு. மாட்டேன் என்று சொல்ல வேண்டும், நான்கே எழுத்து. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிக்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நைனாவைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு குதித்து, ஓடத்தைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. என் பக்கம் வந்து மெதுவாக, "நீங்களும் எறங்குறீங்களா? கரை வரிக்கும் பேசிகினே நடக்கலாம்" என்றார்.

கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன்.

"பொடவ நாறிப் பூடும், குந்துடி!" என்றாள் அத்தை.

உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் ஏறி ஓடம் மிதந்தபோது கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிற தேதிவரை பேசி முடித்திருந்தார்கள். ராஜினாமாக் கடிதத்தை நானே அடித்தேன். ஒரு பிழை இல்லை.

அவர் நல்ல மனிதர். நாற்பத்தாறு வருடம் என்னை முகம் கோணவிட்டதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள் சொன்னார்: "அன்னிக்கு நீ எறங்கியிருந்தா, வேலைய வுடாத, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீ குந்திகின. உனக்கே இஷ்டமில்ல போலன்னு வுட்டுட்டேன்."

ஓடத்தில் சொன்னால் என்னவாம்? வீட்டுக்கு வந்து சொன்னால் என்னவாம்? அவர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. என்மேல் வந்தது அதைவிடப் பெரிது.

அவர் போன பிறகு மகளோடு எண்ணூர் போனேன். தோப்பு இல்லை, பங்களாக்கள் இல்லை, ஓடத்துறை இருந்த சுவடே இல்லை. ஓடம் நின்ற இடம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கெட்டித் தரையாகக் கிடக்கிறது. மகள் செருப்புக் காலோடு அதில் விடுவிடுவென்று நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

பாதியில் திரும்பிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "எதுக்கும்மா பொடவைய அப்டித் தூக்கிகினு வர்றே? தண்ணியே இல்லியே!"