ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

கொல்லைக் குழாயடியில் வெகுகாலம் கிடந்த எவர்சில்வர் சொம்பு ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதன் உட்புறத்தில், வாய்க்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக ஒரு வளையம். புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் பிழிந்து ஊறவைத்தேன், போகவில்லை. திண்டுக்கல்லில் ஆழ்குழாயிலிருந்து வரும் போர்த் தண்ணீர் படுகிற எல்லாவற்றிலும் இந்த வெள்ளை ஏறிவிடும். வாளி, குழாய், தரை எதுவும் தப்பாது. எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். ஆனால் இந்த வளையத்தை மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை. இந்தச் சொம்பால்தான் நான் என் அக்காள் புருஷனின் காருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அத்தான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். மில் பஸ்ஸில் போய் மில் பஸ்ஸில் திரும்புகிற மனிதர், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினால் தெரு சிரிக்காதா? வஞ்சனையில்லாமல் சிரித்தது. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய யாரோ எப்போதோ கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. பல கை மாறி, நெய்க்காரப்பட்டியில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் தேங்காய் மட்டைகளுக்கு நடுவே கிடந்தது. தோட்டக்காரர் அதிசயப்பட்டுக் கேட்டாராம்: "ஏனுங்க, இதைக் கொண்டுபோயி என்னங்க பண்ணப் போறீங்க? இங்க கெடந்தா கோழி முட்டையாச்சும் வைக்குமுங்க." அக்காள் இதை நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். லாரியில் ஏற்றி வந்த அன்று இருக்கைக்கு அடியில் மெய்யாகவே இரண்டு முட்டை இருந்தன.

அக்காளும் அத்தானும் மாடியில் குடியிருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவான நான், கல்யாணம் ஆகாமல், கீழ்வீட்டில். முற்றத்துத் தகரக் கொட்டகை காருக்கு. கிடைக்காத சாமானுக்கெல்லாம் அத்தானிடம் ஒரு மாற்று இருந்தது. பின்சக்கரத்துப் பழைய பிரேக்கைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினார். நைந்துபோன ரப்பர் புஷ்களுக்குப் பதிலாக நைலானில் புதியவற்றை லேத்தில் கடைந்து போட்டார். அந்த வண்டியின் முன்விளக்குகள் பகலில் மூடிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் தவளைக் கண்போல மேலே எழும்பும். ஒன்றின் மோட்டார் கருகிப்போக, உள்ளூர்க் காரின் வைப்பர் மோட்டாரை அதில் மாட்டினார். அன்றிலிருந்து ஒரு கண் சட்டென்று விழிக்கும், மற்றது சோம்பல் முறித்து எழும். "ஒங்க வண்டிக்கு ஒரு கண்ணு இன்னும் தூங்குதுங்க" என்று அக்காள் கேலி செய்வாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் இருவரும் அதில் ஏறிப் போவார்கள். மூன்றாமவருக்கு அதில் இடமில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கோடையில், எஞ்சினைக் குளிர்விக்கிற ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. இதைவிடப் பெரிய, அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை அத்தான் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருந்தார். அது வந்து சேரும்வரை அன்றாடம் தண்ணீர் நிரப்ப வேண்டும். அவர் விடிகாலையில் மில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர். அந்த வேலை என்னிடம் வந்தது. "மறந்துராத பிள்ள, தெனம் ஒரு சொம்பு. நல்ல தண்ணியா ஊத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது குடிக்க, சமைக்க மட்டும். அந்தக் கோடையில் தெருக்குழாயில் பத்து நாளைக்கொரு முறை வந்தது. எப்போது வரும் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும். அதில் கை கழுவினால்கூட எங்கள் அம்மா அந்தக் காலத்தில் கரண்டியைத் தூக்குவாள். போதாததற்கு அக்காளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து போயிருந்ததால், போர்த் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த லட்சணத்தில் ஒரு கார் தினமும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் குடிக்குமாம். முதல் நாள் குடத்தின் மூடியைத் திறந்து சொம்பை உள்ளே விட்டேன். கை வரவில்லை. கொல்லைக்குப் போய்ப் போர்க் குழாயைத் திறந்தேன். காருக்கு என்ன தெரியப் போகிறது? கோடை முழுவதும் அப்படித்தான் ஊற்றினேன்.

கோடைக் கடைசியில் ஒரு ஞாயிறு அக்காளும் அத்தானும் சிறுமலை ஏறும்போது, பாதி வளைவில், வண்டி கொதித்து நின்றது. ஒரு டிராக்டர் கட்டி இழுத்துக் கொண்டுவந்து விட்டது. அக்காள் வெயிலில் கருத்து, சிரித்துக்கொண்டே இறங்கி, "தண்ணி குடுடி மொதல்ல, நாக்கு ஒட்டிப்போச்சு" என்றாள். குடத்திலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். அந்த வாரமே அத்தான் எஞ்சினின் மேல்மூடியான தலையைக் கழற்றினார். கேஸ்கட் போயிருந்தது; தலை வளைந்திருந்தது. நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் குனிந்து வெகுநேரம் எதையோ உற்றுப் பார்த்தார். அக்காள் பக்கத்தில் நின்றிருந்தாள். வந்து கேட்பார்கள் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். இருவரும் கேட்கவில்லை. தலையைச் சாக்கில் சுற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார் அத்தான். அங்கே சீவிச் சமப்படுத்தித் தர நாளாகும் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்த அக்காள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு வெளியே போயிருந்தது. முகூர்த்த ஞாயிறு, ஸ்டாண்டில் ஒரு கார் இல்லை, எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. அத்தான் தெருவில் இறங்கிப் போகிற வண்டிகளையெல்லாம் கைகூப்பி மறித்தார். ஒரு வேன் நின்றது. மதுரை ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது அக்காளின் கை என் கையில் குளிர்ந்திருந்தது. "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். யாரையும் குற்றம் சொல்லும் குரலில்லை அது. ஆனாலும் அந்த அரை மணி நேரம் எங்கள் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது.

அத்தான் அதற்குப் பிறகு செய்ததை எப்படிச் சொல்வது? மாதக்கணக்கில் மில்லுக்குப் போகவில்லை. சோற்றைத் தட்டில் வைத்தால் அப்படியே காயும். வண்டியைப் பிரித்து ஒவ்வொரு திருகாணியாகச் சேர்த்தார். வந்து சேர்ந்த அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்தினார். ஒன்றுக்கு இரண்டு விசிறி வைத்தார். சூடு காட்டுகிற புது முள்மானி ஒன்றைக் கண்ணெதிரே பதித்தார். "வண்டி அன்னைக்குப் பிரிஞ்சு கெடக்கலைன்னா அவ இருப்பா. நாந்தான பிரிச்சுப் போட்டேன்" என்று ஸ்பேனரிடம் சொல்வதுபோல் சொல்லுவார். நான் பக்கத்தில் காபியோடு நிற்பேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். காபியை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் வண்டி ஓடியது. மறுநாள் அக்காளின் கல்லறைக்குச் சாமந்தி மாலையை அதில்தான் கொண்டுபோனார். அதற்கடுத்த ஞாயிற்றிலிருந்து அந்தக் கொடுமை தொடங்கியது. எல்லோரும் பூசைக்குப் போகிற நேரத்தில் அவர் காரை எடுப்பார். வீட்டு வாசலிலிருந்து மதுரை ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிப்போய், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். "இன்னைக்கு அம்பத்தெட்டு நிமிசம்" என்பார் படியேறும்போது. பிறகு வண்டியில் இன்னும் எதையாவது மாற்றுவார். "அம்பத்திரெண்டு." குறையக் குறைய முகம் இருண்டதே தவிரத் தெளியவில்லை. எங்கேயாவது மோதிச் சாகத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிறு நானும் ஏறி, அக்காளின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னை இறங்கச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் முள்ளின்மேல் இருந்தது. முள் நடுவில் அசையாமல் நின்றது. நான் சொல்லிவிட்டேன். "அத்தான், அந்தக் கோடையில நான் ஊத்துனது நல்ல தண்ணி இல்ல. போர்த் தண்ணி."

"தெரியும் பிள்ள" என்றார்.

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். "மில்லுல தண்ணிக் குழா அடைக்கிறதத் தெனம் பாக்குறவன், எனக்குத் தெரியாதா? தலையக் கழட்டுனா உள்ள பூராம் வெள்ளை. ஒங்கக்கா நகத்தால சொரண்டி நாக்குல வச்சுப் பாத்தா. 'அவகிட்டக் கேட்டுராதீக. ஒரு கொடந்தான் இருந்திருக்கும், எனக்குன்னு எடுத்து வச்சிருப்பா'ன்னா. கேக்க மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்." என் பக்கம் திரும்பினார். "அவளுக்குன்னுதான எடுத்து வச்ச?"

அப்படி இல்லை. சொம்பைக் கையில் வைத்திருந்தபோது அக்காளின் நினைப்பே எனக்கு வரவில்லை. இரண்டு பேர் மட்டும் ஏறிப்போகிற அந்தக் காருக்கு நான் எதற்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற எரிச்சல்தான் இருந்தது. ஆனால் அத்தானின் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை நாளும் அவர் அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தார் என்று தோன்றியது.

"ஆமா அத்தான். அவளுக்குத்தான்."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். திரும்பும்போது மெதுவாக ஓட்டினார். லாரிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு என்னோடு பூசைக்கு வந்தார். அதன்பிறகு மதுரைக்குப் போகவே இல்லை.

போன தவக்காலத்தில் அத்தானும் போய்விட்டார். உண்மையைக் கேட்டுக்கொள்ள இனி ஆளில்லை. அக்காள் நான் நினைக்காத ஒரு நினைப்புக்காக என்னை மன்னித்தாள். அத்தான் நான் சொன்ன பொய்க்காக மன்னித்தார். இரண்டில் எதையும் எனக்கென்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. கார் கொட்டகையில் நிற்கிறது. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பேர் விலைக்குக் கேட்டு வந்தார்கள். கதவைக்கூடத் திறந்து காட்டாமல் அனுப்பிவிட்டேன்.

இப்போது கேன் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமைதோறும் இந்தச் சொம்பில் நிறைய மொண்டு கொட்டகைக்குப் போகிறேன். ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திறக்கிறேன். அத்தான் பொருத்திய ரேடியேட்டர் ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. கழுத்துவரை நிறைந்துதான் இருக்கிறது. மூடியைத் திருகிவிட்டு, சொம்புத் தண்ணீரை அப்படியே திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறேன்.