சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து

கல்லூரியில் இருபத்து மூன்று வருடங்களாகப் பொருளியல் நடத்துகிறேன். மைய வங்கி பற்றிய அத்தியாயம் வந்தால் பின்வரிசையில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். அப்படியிருக்க, அந்த வங்கியின் சட்டத்தைத் திருத்துவது குறித்து நம் ஊரின் கருத்தைத் தொகுத்துத் தரவேண்டும் என்று ஆலை அதிபர்களின் தொழில் சங்கம் ஒன்றின் செயலாளர் கல்லூரிக்கே வந்து கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவர இருந்தார். விலைவாசியைக் கட்டுக்குள் வைப்பதே மைய வங்கியின் முதல் வேலை, வளர்ச்சியையும் மனதில் கொள்ளவேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். வேலைவாய்ப்பையும் அதற்குச் சமமான கடமையாக்க வேண்டும், வங்கியின் தலைவர் ஆண்டுக்கு இரண்டு முறை நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து வெளிப்படையாகப் பதில் சொல்லவேண்டும் என்றது மசோதாவின் வரைவு. சிறுதொழில் செய்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு அனுப்பும்படி எம்.பி. சங்கத்திடம் சொல்லியிருந்தார்.

மூன்று வாரம், கல்லூரி முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு, சிறு பட்டறைகள் நிறைந்த கணபதிப் பகுதியின் சந்துகளில் அலைந்தேன். பம்ப் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறை ஒன்றை ஒரு பெண்மணி நடத்தி வந்தார். வயது நாற்பது இருக்கும். அவரிடம் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். முதல் இரண்டு முறை, வேலை இருக்கிறது, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“வட்டிய ஏத்தறாங்க, எறக்கறாங்க. எதுக்குன்னு ஆரும் சொல்றதில்லீங்க மேடம். ஆர்டர் நின்னு நாலு புள்ளைங்கள ஊட்டுக்கு அனுப்புனப்ப, ஏனுங்கக்கான்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்க. ஏத்தறவங்க அதுக்கான காரணத்தைத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதிப் போடோணும்ங்க. எனக்கு அது போதும்ங்க.”

நான் எழுதிய பதினொரு பக்க அறிக்கையில் இதைத்தான் முதல் கோரிக்கையாக வைத்துச் செயலாளரிடம் கொடுத்தேன்.

அவிநாசி சாலையில் ஒரு ஹோட்டலில் சங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. பட்டறைப் பெண்மணி உட்பட, கணபதியிலிருந்து முப்பது பேரை வரவழைத்திருந்தேன். வாசலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பன் கொடுத்தார்கள். மேடையில் எனக்குச் சால்வை போர்த்தி, நிபுணர் என்று சொன்னார்கள். அந்தப் புகைப்படத்தை அன்று மாலையே தங்கைக்கு அனுப்பினேன். இப்போது எழுதவே கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து கூரியரில் ஒரு புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், ஆங்கிலம், அட்டையில் தொகுத்தவர் என்று என் பெயர். உள்ளே என் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. வேலைவாய்ப்பு ஒரே வரியில் முடிந்துபோயிருந்தது. பட்டறைப் பெண்மணியின் கோரிக்கையைக் காணவே காணோம். அதற்குப் பதிலாக, மைய வங்கியைக் கேள்வி கேட்கும் குழுவில் தொழில் சங்கங்கள் நியமிக்கும் ஐந்து பேருக்கு இடம் வேண்டும் என்றும், வட்டியை மாற்றும் முன் அவர்களிடம் கலந்து பேசவேண்டும் என்றும் இருந்தது. முடிவு ஊருக்குத் தெரியும் முன் இவர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். கண்காணிப்பு என்ற பெயரில் கேட்டிருந்தது இதைத்தான்.

கடைசிப் பக்கத்தில், இக்கருத்துகளை ஆதரிக்கும் சிறுதொழில் முனைவோர் என்ற தலைப்பின் கீழ் முப்பது கையெழுத்துகள். ஓரத்தில் கூப்பன் எண்களைக்கூட அழிக்காமல் அப்படியே அச்சிட்டிருந்தார்கள்.

அன்றைக்கே சங்க அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் எழுந்து நின்று வரவேற்று, எலுமிச்சை ஜூஸ் வரவழைத்தார். நான் பக்கம் பக்கமாகக் காட்டக் காட்டத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“கருத்து ஒண்ணுதானுங்க மேடம். கொஞ்சம் சுருக்கிப்போட்டோம். டெல்லியில அத்தன பக்கம் ஆருங்க படிக்கறாங்க?”

கையெழுத்துகளைப் பற்றிக் கேட்டேன். வந்தார்கள், உட்கார்ந்து கேட்டார்கள், சாப்பிட்டார்கள், ஆதரவு இல்லாமலா வந்திருப்பார்கள் என்றார். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். புத்தகம் எம்.பி.க்கு எப்போதோ போய்விட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த அஞ்சு எடத்துல ஒண்ணு உங்களுக்குன்னு பேசி வெச்சிருக்கோமுங்க” என்றார்.

அந்தக் குரலில் துளி மரியாதைக் குறைவு இல்லை. ஜூஸைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய்ப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பெண்மணி மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

“நான் சோத்துக் கூப்பனுக்குத்தானுங்க கையெழுத்துப் போட்டேன். அந்தச் சங்கத்துக்காரங்க ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க. உங்கள நம்பித்தானே வந்தோம் மேடம்.”

அவரே ஒரு தாளை எடுத்துக் கொடுத்து எழுதச் சொன்னார். அந்தப் புத்தகத்தில் இருப்பது எங்கள் கருத்து அல்ல என்று தமிழில் ஒரு பக்கம் எழுதினோம். முப்பது பேரில் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள். மற்றவர்கள் சங்கத்து ஆட்களின் ஆலைகளுக்கு வேலை செய்து கொடுப்பவர்கள்; ஆர்டர் போய்விடும் என்று பயந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடிதத்தைப் பதிவுத் தபாலில் எம்.பி.க்கு அனுப்பினோம்.

ஒரு மாதத்தில் பட்டறை முகவரிக்குப் பதில் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி. சங்கத்தின் பரிந்துரைகளுக்குத் தாங்கள் அளித்த ஆதரவுக்கு நன்றி. எங்கள் கடிதத்தை யாரும் பிரித்துக்கூடப் படித்திருக்கவில்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பெண்மணி தாளை மடித்து உறைக்குள் போட்டு என் கையில் கொடுத்தார்.

“நீங்களே வெச்சுக்கோங்க மேடம்.”

அதன்பின் நான் அந்தச் சந்துக்குப் போகவில்லை. போகத் தைரியம் வரவில்லை.

மசோதா அந்த ஐந்து இடங்களோடு அவையில் அறிமுகமானது. இன்றுவரை விவாதத்துக்கு வரவில்லை; தனிநபர் மசோதாக்களுக்குப் பெரும்பாலும் அதுதான் கதி. சங்கத்துக்கு அதனால் நஷ்டம் எதுவுமில்லை. செயலாளர் எம்.பி.யிடம் புத்தகத்தை நீட்டும் படம் அவர்களுடைய ஆண்டு மலரில் முழுப்பக்கத்துக்கு வந்தது.

போன மாதம் ரேஸ்கோர்ஸ் சாலையில் காலை நடையின்போது செயலாளர் எதிரே வந்தார். கும்பிட்டு நலம் விசாரித்தார். இன்னொரு சட்டத்துக்கு நம் ஊர்க் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள், மேடம் எழுதினால்தான் எடுபடும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டேன். ஆனால் அப்படிச் சொல்லும் முன்பு, எந்தச் சட்டம் என்று கேட்க ஒரு நொடி வாய் திறந்தது. அவரும் அதைக் கவனித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து குளித்த பின்னும் அந்த ஒரு நொடி என்னைவிட்டுப் போகவில்லை. அவரைவிட என்மேல்தான் அன்றைக்கு அருவருப்பாக இருந்தது.