கிளம்பலாமா என்று கேட்டார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வங்காள விரிகுடாவில் மிதந்துகொண்டிருந்தேன். முகத்தில் கண்ணாடி, வாயில் ரப்பர் குழாய், உடம்பில் ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட். நீச்சல் தெரியாத, சுகர் மாத்திரை போடுகிற, ஐம்பத்தெட்டு வயது ஆசாமிக்கு இது தேவையா?

தேவைதான். சொல்கிறேன்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார் பிலோமினா. ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, “இந்த வாரம் சுமார்தாண்ணே” என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒரே வாசகி. போன மாதம் கையில் ஒரு நோட்டீஸுடன் வந்தார். ‘ஐலண்ட் குரூஸ்... டால்பின் பார்க்கலாம், பறவைகள் பார்க்கலாம், ஸ்நார்க்கலிங் செய்யலாம்’ என்று டூரிஸ்ட்டுகளுக்காக அடித்த நோட்டீஸ். புதுச்சேரிக்காரர்கள் யாரும் அந்தப் படகில் ஏறி நான் பார்த்ததில்லை.

“கூட வர்றீங்களாண்ணே? எங்க வீட்டுக்காரரு வரமாட்டாரு.”

ஏன் வரமாட்டார் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவு நாளில் அவர்கள் மகன் ஜெரால்டு நண்பர்களோடு கடலில் குளிக்கப் போனான். இருபது வயது. நண்பர்கள் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசு கால வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது என்று தெருவில் பாதிப் பேர் மீன் வாங்குவார்கள். பிலோமினா வீட்டில் உருளைக்கிழங்கு.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பிலோமினா மட்டும் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தியை வைத்துவிட்டு வந்துவிடுவார். போன வருஷம் யாரோ ஒரு அம்மா, “உங்க கல்லறை எந்தப் பக்கம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்.

“அவன் இருக்கிற எடத்த ஒரு தடவ பாத்துடணும்ணே. அவனுக்கு இருட்டுன்னா பயம். பத்தாவது படிக்கிற வரைக்கும் லைட்டப் போட்டுக்கினுதான் தூங்குவான். அடியில இருட்டா இருக்குமா?”

“இருக்காதும்மா” என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் நாம் எல்லோருமே கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுகிறோம், இல்லையா? சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க மட்டும் தெரிவதில்லை.

நான் பேசிய பேச்சு ஒன்று இருக்கிறது. இதுவரை இந்தப் பத்தியில் எழுதியதில்லை.

அன்றைக்குக் கடலில் தேடினார்களே, நான்கு நாள்... மீனவர்கள் தங்கள் தொழிலை விட்டுவிட்டுப் படகு எடுத்துப் போனார்கள். நீரோட்டம் வடக்கே இழுக்கிறது என்று கனகசெட்டிக்குளம் வரைக்கும் பார்த்தார்கள். நாங்களும் கரையோரமாகவே அங்கே போனோம். மூன்றாம் நாள் ஒதுங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒதுங்கவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், களைத்துப்போய்க் கரையேறிய ஒரு பெரியவர் பிலோமினாவிடம் வந்து, தயங்கித் தயங்கி, “கிளம்பலாமாம்மா?” என்று கேட்டார்.

பிலோமினா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் காத்திருந்தார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

“போதும் ஐயா. கிளம்பலாம்” என்றேன், நான்.

யார் என்னைக் கேட்டார்கள்? பெற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிலோமினா இதுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். படகில் எட்டுப் பேர். பெங்களூரிலிருந்து ஒரு அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். ஒரு புதுமண ஜோடி. நாங்கள் இருவர். படகோட்டி சேகர், நாற்பது வயது, முன்பு மீன்பிடித் தொழில். ஏறியதும் விரல் நீட்டி எங்களை எண்ணினார். “எட்டு. ஒவ்வொரு எடத்துலயும் எண்ணுவேன். கோச்சிக்காதீங்க.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். “ரெண்டு நாளா தண்ணி கலங்கலா கெடக்குது. உள்ள ஒண்ணும் தெரியலன்னா என்னத் திட்டாதீங்க.”

பிலோமினா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

தீவு என்று நோட்டீஸில் போட்டிருந்தது, ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு மணல்திட்டு. பத்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆலாப் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. பெங்களூர்க்காரர் அவற்றைப் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுத்தார். சேகர் எங்களை எண்ணினார். எட்டு.

கொஞ்சம் உள்ளே போனதும் டால்பின்கள். மூன்று முதுகுகள் எழுந்து எழுந்து மறைந்தன. புதுப்பெண் போட்ட கூச்சலில் அவை ஓடாமல் இருந்ததே ஆச்சரியம். எல்லோரும் அந்தப் பக்கம் சாய, பிலோமினா மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆமை, தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்தது.

“பங்குனி ஆமைம்மா. மூச்சு வாங்க வந்திருக்கு” என்றார் சேகர்.

“மூச்சு வாங்க மேல வந்துடுமா?”

“வந்துதாம்மா ஆவணும்.”

ஆமை உள்ளே போன பிறகும் பிலோமினா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

மீன்கள் வந்து தங்குவதற்காக கான்கிரீட் வளையங்களைப் போட்டிருக்கிறார்கள். மூன்று ஆள் ஆழம். அங்கேதான் ஸ்நார்க்கலிங். “கண்ணாடிக்குள்ள எச்சி துப்பித் தேய்ங்க, அப்பத்தான் பனி மூடாது” என்றார் சேகர். பிலோமினா கூச்சப்பட்டார். நான் முதலில் துப்பிக் காட்டினேன். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்கினார். சேகர் ஒரு மிதவை வளையத்தைக் கொடுத்தார், நாங்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டோம். பிலோமினா முகத்தை உள்ளே வைத்தார். அடுத்த நொடி இருமிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுபடியும். மறுபடியும் இருமல்.

“போதும்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, வாயில் குழாய் இருந்தது.

மூன்றாவது தடவை முகம் உள்ளேயே நின்றது. நானும் குனிந்து பார்த்தேன்.

கலங்கல் இருந்தது, ஆனால் லேசாகத்தான். வெயில் உள்ளே இறங்கி, அடிமணலில் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் கொஞ்சம். வளையத்தில் எதையோ கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மீன். அவ்வளவுதான்.

பிலோமினா நிமிரவே இல்லை. குழாய் வழியாக அவர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது, விட்டு விட்டு. பத்து நிமிஷமாவது இருக்கும். நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் அடியில் கொஞ்சம் தண்ணீர்.

“கண்ணாடி லீக் ஆவுதாம்மா? வேற தரட்டா?” என்றார் சேகர்.

“இல்லப்பா. நல்லாத்தான் இருக்குது.”

அது கடல் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

படகில் ஏறி, டவலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். “வெளிச்சமாத்தான் இருக்குதுண்ணே” என்றார். “ஆறு வருஷமா இருட்டு, இருட்டுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்.”

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆழம். அங்கெல்லாம் வெயில் அடிவரைக்கும் போகாது. எனக்குத் தெரியும். பள்ளிக்கூட லேபில் வேலை பார்க்கிற பிலோமினாவுக்குத் தெரியாதா? இரண்டு பேருமே அதைப் பேசவில்லை.

எல்லோரும் ஏறியதும் சேகர் வழக்கம்போல விரல் நீட்டி எண்ணினார். எட்டு. கயிற்றை இழுத்துப் போட்டுவிட்டு, பிலோமினா முன்னால் உட்கார்ந்திருந்ததால் அவரையே பார்த்துக் கேட்டார்.

“யாரும் பாக்கி இல்லையேம்மா? கிளம்பலாமா?”

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தினமும் கேட்கிற கேள்வி.

பிலோமினா கடலைப் பார்த்தார். அதே பார்வை. பெங்களூர்ப் பெண்கள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பது நின்றது. சேகர் காத்திருந்தார். ‘கிளம்பலாம்’ என்று எனக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

“கிளம்பலாம்ப்பா” என்றார் பிலோமினா.

சொல்ல வேண்டியவர் சொல்ல ஆறு வருஷம் ஆனது. அன்றைக்கு நான் காத்திருக்க முடியாமல் போனது சில நிமிஷங்கள்.